கிளினிக் கமிட்டியில் பயனாளிகள்: ஆள் சேர்த்தால் மட்டும் போதுமா?

கூடலூர்_ஒருங்கிணைப்பு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கூடலூர், பந்தலூர் வட்டங்களில் மாதம் ஒருமுறை மனநல கிளினிக் நடத்தும் சிறிய தன்னார்வக் குழு எங்களுடையது. டாக்டர் மாதத்தில் ஒரு நாள் மலையேறி வருகிறார். மற்ற நாட்களில் ஒரு செவிலியர், ஒரு சமூகப் பணியாளர், நான்கு களப்பணியாளர்கள். சிகிச்சைக்கு வருவோர் பெரும்பாலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள், பணியர், காட்டுநாயக்கர் பழங்குடியினர். கொஞ்சம் டவுன் ஆட்களும் உண்டு.

கிளினிக் கமிட்டியில் 9 பேர். சிகிச்சை பெறுபவர் ஒருவர்கூட அதில் இல்லை. இந்த ஆண்டு 2 பேரைச் சேர்க்கலாம் என்று பேசியிருக்கிறோம். யாரை எப்படித் தேர்ந்தெடுப்பது? எதையெல்லாம் அவர்கள் முன் வைப்பது? வீட்டார் "அவனுக்கு என்ன தெரியும்" என்றால் என்ன செய்வது? கூட்டம் இப்போது 2வது புதன்கிழமை காலை 11 மணிக்கு. நடைமுறையாகச் சொல்லுங்கள்.

மலைச்செவிலி

முதலில் அந்தப் புதன் 11 மணியை மாற்றுங்கள். அந்த நேரத்தில் கொழுந்து எடுப்பவர் மலையில் நிற்பார். கூட்டத்துக்கு வந்தால் அன்றைய வருகைப் பதிவில் பேர் விழாது, சம்பளம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க டவுனுக்கு வருவார்கள். மதியம் 2 மணி வைத்தால் கடைசி பஸ்ஸுக்கு முன் முடிக்கலாம். ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். மாத்திரை போடுபவர்களுக்கு நீண்ட நேரம் ஒரே இடத்தில் உட்காருவது கஷ்டம். நடுவில் எழுந்து நடக்கலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அன்றைய தோட்டக் கூலிக்குக் குறையாத தொகை, பஸ் காசு, டீ. மூன்றையும் அன்றைக்கே கையில் கொடுங்கள். "வவுச்சர் போட்டு அடுத்த மாசம் தரோம்" என்றால் அடுத்த மாதம் ஆள் வராது.

2 பேர் போதாது. ஒருவர் உடம்பு முடியாமல் வராவிட்டால் மற்றவர் தனியாக மாட்டிக்கொள்வார், அப்புறம் வாயே திறக்கமாட்டார். 3 பேர் வையுங்கள், 2 பேர் மாற்று. பெண் ஒருவராவது கட்டாயம்.

தேர்வில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. செவிலியரோ டாக்டரோ கை காட்டினால் நேரத்துக்கு மாத்திரை சாப்பிட்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவர்தான் வருவார். பதிவேட்டில் 3 மாதமாக வராதவர்கள் பட்டியலை எடுத்து அவர்களையும் கூப்பிடுங்கள். கிளினிக்கில் என்ன சரியில்லை என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இருப்பார்கள், அதனால் சீட்டு எழுதிப் போடும் தேர்தல் வேண்டாம். நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு டப்பா, மேலே ஒரு படம், மறைவான இடம், ஓட்டுக்கு ஒரு காப்பிக்கொட்டை. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஒரு வாரம் முன்னால் என்ன பேசப்போகிறோம் என்பதை நேரிலோ வாட்ஸ்அப் குரல்பதிவிலோ சொல்லிவிடுங்கள். கூட்டத்துக்கு முன் அரை மணி நேரம் அந்த 3 பேரும் தனியாகப் பேசிக்கொள்ளட்டும். அந்த அரை மணி நேரம் கிடைக்காத இடத்தில் அவர்கள் பார்வையாளராகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். குழுப் படம் எடுத்துப் பகிர்வதாக இருந்தால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒரு வீட்டுக்குத் தெரிந்தால் பத்து வீட்டுக்கும் தெரியும்.

சட்டஉதவி_குன்னூர்

இதை யாருடைய பெருந்தன்மையாகவும் பார்க்க வேண்டாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 மாவட்ட மனநல மறுஆய்வு வாரியத்திலேயே (நோயாளிகளின் உரிமை, சேர்க்கை பற்றிய புகார்களை விசாரிக்கும் அமைப்பு) இப்படி இடம் வைத்திருக்கிறது. பிரிவு 74ன்படி மாவட்ட நீதிபதி நிலையில் தலைவர், ஆட்சியரின் பிரதிநிதி, ஒரு மனநல மருத்துவர், ஒரு மருத்துவர், இவர்களோடு 2 பேர் மனநோய் உள்ளவர்களாகவோ பராமரிப்பவர்களாகவோ அவர்களுக்கான அமைப்புகளின் பிரதிநிதிகளாகவோ இருக்க வேண்டும். வாரியத்துக்கே அப்படி என்றால் மாதாந்திர கிளினிக்குக்கு ஏன் தயங்க வேண்டும்?

"அவனுக்கு என்ன தெரியும்" என்பதற்கு பிரிவு 4ஐப் படித்துக் காட்டுங்கள். சொல்லப்படும் தகவல் புரிகிறதா, முடிவின் விளைவு ஓரளவு தெரிகிறதா, முடிவைப் பேச்சாலோ சைகையாலோ தெரிவிக்க முடிகிறதா என்பதுதான் அளவுகோல். அந்தத் தகவலை அவருக்குப் புரியும் எளிய மொழியிலோ சைகையிலோ படத்திலோ சொல்லும் கடமை நம்முடையது. அவர் எடுத்த முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தோன்றுகிறது என்ற ஒரே காரணத்தால் அவருக்குத் திறன் இல்லை என்று சொல்லக்கூடாது என்றும் அதே பிரிவில் தெளிவாக இருக்கிறது. இந்த வரியைக் கமிட்டி அறைச் சுவரில் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

மருத்துவமனையில் சேர்க்கும்போது எழுதும் சேர்க்கைத் தாளையும் பாருங்கள். கூட உறவினர் வந்தார் என்பதற்காகவே பிரிவு 89ல், அதாவது அவர் சார்பில் பேசும் பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில் சேர்த்ததாக எழுதிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தானாகச் சம்மதித்து வந்தவர் பிரிவு 86ன் கீழ் சுயேச்சையாகச் சேர்ந்தவர். அவர் கேட்டால் விடுவிக்க வேண்டும். 89க்கு மாற்றும் அவசியம் இருக்கிறதா என்று பரிசோதிப்பதற்காக மட்டும் அதிகபட்சம் 24 மணி நேரம் நிறுத்தலாம். 89ல் சேர்த்தால் 30 நாள் வரம்பு உண்டு. வாரியத்துக்கு 7 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், பெண்களும் சிறாரும் என்றால் 3 நாளுக்குள். 7 நாளுக்கு ஒருமுறை முடிவெடுக்கும் திறனை மறுபடி பார்க்க வேண்டும். தாளில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்று கேட்பது பயனாளியின் உரிமை, பிரிவு 22.

கோத்தகிரி_அக்கா

பராமரிப்பவர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். சட்டம் சரிதான் தம்பி. ராத்திரி 2 மணிக்கு ஒருவர் கதவை உடைத்துக்கொண்டு வெளியே போகப் பார்க்கும்போது பிரிவு எண் உதவாது. கோத்தகிரி பக்கம் ஒரு வண்டி கிடைக்கவே ஒரு மணி நேரம் ஆகும். அதனால்தான் பல வீடுகளில் மாத்திரையைக் கஞ்சியில் கலந்து கொடுக்கிறார்கள். யாரும் வெளியே சொல்வதில்லை, எல்லோருக்கும் தெரியும். அதைக் குற்றம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் வீட்டார் கிளினிக்குக்கு வருவதையே நிறுத்திவிடுவார்கள். அவர்களுக்கு வழி சொல்லுங்கள்.

மருந்தாளுநர்_உதகை

அக்கா சொன்னதை ஒளிக்காமல் பேசித்தான் ஆக வேண்டும். கலந்து கொடுப்பதில் என்னென்ன கெடுகிறது என்று எழுதுகிறேன், வீட்டாரிடம் அப்படியே சொல்லலாம்.

அளவு தெரியாது. கஞ்சியில் பாதியை வைத்துவிட்டால் மருந்திலும் பாதிதான் உள்ளே போயிருக்கும். டாக்டரோ முழு அளவும் போவதாக நினைத்து "பலன் இல்லை" என்று கூட்டுவார். பிறகு ஒருநாள் முழுக் கஞ்சியையும் குடித்தால் கூட்டிய அளவு மொத்தமாக இறங்கும். மிச்சக் கஞ்சியைக் குழந்தை குடித்துவிடும் ஆபத்தும் இருக்கிறது.

நீடித்து வேலை செய்யும் வகை மாத்திரைகளைப் பொடித்தால் ஒரு நாள் முழுக்க மெதுவாக வெளியாக வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் லித்தியம், வால்ப்ரோயேட் இரண்டிலும் இந்த வகை உண்டு. அட்டையில் எஸ்ஆர், ஈஆர், சிஆர் என்று பெயருக்குப் பின்னால் இருக்கும்.

எல்லாவற்றையும்விட மோசமானது ஹாலோபெரிடால் சொட்டு மருந்து. நிறமும் இல்லை, மணமும் இல்லை, அதனால் வீட்டாருக்கு வசதி. தொடங்கிய முதல் சில நாட்களில், குறிப்பாக இளைஞர்களுக்கு, கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும், கண் மேலே சொருகும், நாக்கு தடிக்கும். ப்ரோமெத்தசின் ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் சரியாகும். ஆனால் மருந்து சாப்பிட்டது அவருக்கே தெரியாது. "எனக்கு எதையோ கலந்து கொடுக்கிறார்கள்" என்று ஏற்கெனவே பயந்துகொண்டிருப்பவருக்கு அந்தப் பயம் அன்றைக்கு உண்மையாகிவிடுகிறது. அதன்பிறகு அந்த வீட்டுச் சோற்றைத் தொடமாட்டார். கோயிலுக்குத் தூக்கிப்போகும் வழியில் கழுத்து இழுத்த நிலையிலேயே மணிக்கணக்கில் கிடப்பார்.

வழி: இன்றைக்கே சட்டென்று நிறுத்த வேண்டாம், நோய் திரும்பும். டாக்டரிடம் உண்மையைச் சொல்லி, ஓரளவு தெளிவாக இருக்கும் நாளில், அவர் நம்பும் ஒருவர் முன்னிலையில் சொல்லிவிட வேண்டும். அவர் கோபப்படுவார், அதற்கு இடம் கொடுங்கள். பிறகு அவர் கையில் தேர்வுகளை வையுங்கள்: மாத்திரையா மாத ஊசியா, காலையா ராத்திரியா, எந்தப் பக்கவிளைவைத் தாங்க முடியாது, யார் எடுத்துக் கொடுப்பது. ஃப்ளூஃபெனசின் போன்ற நீடித்த ஊசியை 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை போடலாம். தினமும் மாத்திரைக்காக வீட்டில் நடக்கும் சண்டை நிற்கும் என்பதால் சிலர் அதையே விரும்புவார்கள். ஆனால் ஊசியை மிரட்டலாகப் பயன்படுத்தாதீர்கள்.

இலைக்கூடை (பயனாளர் குழு, பந்தலூர்)

எங்களிடம் வழக்கமாக வரும் கேள்வி "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?" பதிலும் வழக்கமானது: "சாப்பிடறேன்." இதில் யாருக்கும் எதுவும் தெரியவருவதில்லை. "இந்த மருந்து உங்க வேலைக்கு என்ன பண்ணுது?" என்று கேளுங்கள்.

கொழுந்து எடுப்பது விரல் வேலை. இரண்டு இலை ஒரு மொட்டு, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒடிய வேண்டும். கை நடுங்கினால் ஒடியாது, முற்றல் சேர்ந்து வரும், எடை போடும் இடத்தில் கழிப்பார்கள். டாக்டர் பார்ப்பது நாற்காலியில் மடிமேல் கை வைத்து உட்கார்ந்திருக்கும் ஆளை, அங்கே நடுக்கம் தெரியாது. இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லி விரல்களுக்கு மேல் ஒரு ஏ4 தாளை விரித்து வையுங்கள். லேசான நடுக்கம்கூடத் தாளின் ஓரத்தில் தெரியும். ரிஸ்பெரிடோன், லித்தியம், வால்ப்ரோயேட் மூன்றிலுமே நடுக்கம் வரலாம், காரணமும் மருந்தும் வேறு வேறு. எது என்று பார்த்து மாற்றுவது டாக்டர் வேலை, நடுங்குகிறது என்பதை முடிவுக்குள் கொண்டுவருவது எங்கள் வேலை.

ராத்திரி 10 மணிக்குப் போடும் ஓலன்சபின் காலை 7 மணி பிரட்டுக்கு (தோட்டத்தில் பேர் கொடுத்து வேலை பிரிக்கும் இடம்) மப்பாக நிறுத்தும். ஈரமான சரிவில் மப்போடு இறங்கினால் விழுவோம். மாத்திரையை ராத்திரி 7.30க்கு மாற்றலாமா என்று கேட்டால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. குளோர்ப்ரோமசின் சாப்பிடுபவருக்கு வெயில் பட்டால் தோல் எரியும். இந்த உயரத்தில் குளிராக இருந்தாலும் வெயில் கடுமை அதிகம். தொப்பி, முழுக்கைச் சட்டை என்று அட்டையிலேயே எழுதிக் கொடுங்கள்.

பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு வால்ப்ரோயேட் கொடுக்கும் முன் கருவுக்கு வரும் ஆபத்தைச் சொல்லாமல் சம்மதம் வாங்குவது சம்மதமே அல்ல. கணவரிடம் சொன்னோம் என்பது பதில் ஆகாது.

பண்ணைக்காடு_களம்

பழனி மலைப் பக்கத்திலிருந்து. மழைக்காலத்தில் மரம் விழுந்தோ மண் சரிந்தோ வத்தலகுண்டு பாதை ஓரிரு நாள் நின்றுவிடும். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் இன்னும் சிரமம். உங்களுக்குக் கூடலூரில் ஆடி, ஆவணியில் இதே கதை. அதனால் கமிட்டியில் பயனாளிகள் எடுக்க வேண்டிய முதல் முடிவு இருப்பு மருந்து: யாருக்கு 28 நாள், யாருக்கு 35 நாள், கூடுதல் 7 நாள் எங்கே இருக்கும். சிலர் வீட்டில் அதிகம் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அவர்களே சொல்வார்கள், அதற்குக் காரணம் இருக்கும். தற்கொலை எண்ணம் வந்துபோகும் ஒருவர் வாரம் ஒரு அட்டை போதும் என்றால் களப்பணியாளரிடமோ அவர் சொல்லும் ஆளிடமோ வையுங்கள்.

க்ளோசபின் (மற்ற மருந்துகள் பலிக்காதபோது தரும் மனச்சிதைவு மருந்து) சாப்பிடுபவர் பட்டியலைத் தனியாக எழுதுங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் மறுபடி தொடங்கக்கூடாது. 12.5 மில்லிகிராமிலிருந்து ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் ரத்த அழுத்தம் விழுந்து மயங்கலாம். இது அவருக்கும் வீட்டில் ஒருவருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை முதல் 18 வாரம் வாராவாரம். அதற்காக மலையிறங்கினால் வாரம் ஒரு நாள் கூலி போகும். "க்ளோசபின் வேண்டாம்" என்று ஒருவர் சொல்வதற்கு அந்த 18 நாள் கூலிதான் காரணமாக இருக்கும். அதை நோயின் பிடிவாதம் என்று எழுதிவிடுவார்கள். ரத்தத்தை உள்ளூரிலேயே எடுத்துக் குழாயை மட்டும் கீழே அனுப்ப முடியுமா என்று முதலில் பாருங்கள்.

ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு என்று பார்ப்பதும் அப்படியே. கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். கேம்ப் 10 மணிக்கு என்றால் முந்தின ராத்திரி மட்டும் 10 மணிக்குப் போடச் சொல்லுங்கள், அன்று காலை வேளை இருந்தால் ரத்தம் கொடுத்தபின் போடட்டும். முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபென் கடையில் வாங்கிப் போடுவது மலையில் சர்வசாதாரணம். லித்தியத்தோடு சேர்ந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். வாந்தி, பேதி, தள்ளாட்டம், பெரிய நடுக்கம் வந்தால் மாத்திரையை நிறுத்தி அன்றே ஆஸ்பத்திரி.

மலைச்செவிலி

மொழியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பணியர் மொழி தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. கிளினிக்கில் தமிழில் கேட்டு, கூட வந்த அண்ணனோ மேஸ்திரியோ மொழிபெயர்த்தால் வருவது அவர்களுடைய பதில். அந்தச் சமூகத்துச் சுகாதாரப் பணியாளர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் "நான் கேட்டதை மட்டும் கேளுங்கள், அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள், நடுவில் அறிவுரை வேண்டாம்" என்று முன்பே பேசிவிடுங்கள். படுக மொழி பேசும் பாட்டிகளுக்கும் இது பொருந்தும்.

தமிழிலும் "மனச்சோர்வு, உளப்பிணி" என்றால் யாருக்கும் போய்ச் சேராது. "மனசு சரியில்ல, தூக்கம் பிடிக்கல, நெஞ்சு படபடங்குது" என்பதுதான் பேச்சு. விளக்கி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். "நான் சரியாச் சொன்னேனான்னு பார்க்கணும். வீட்ல போய் இத எப்படிச் சொல்வீங்க?" என்று கேளுங்கள். விட்டுப்போனது எது என்று உடனே தெரிந்துவிடும்.

கூடலூர்_ஒருங்கிணைப்பு

நன்றி. ஞாயிறு 2 மணிக்கு மாற்றப் பேசுகிறேன், 3 பேர் ஆக்குகிறோம். ஒரு சந்தேகம். நோய் முற்றும்போது என்ன செய்ய வேண்டும், எங்கே சேர்க்கக்கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைத்தால் கோத்தகிரி அக்கா சொன்ன ராத்திரி 2 மணிக்கும் அது செல்லும்தானே?

சட்டஉதவி_குன்னூர்

முழுதாகச் செல்லாது. பிரிவு 5ன்படி 18 வயது நிறைந்த யாரும் முன்கூட்டிய அறிவுறுத்தல் எழுதலாம்: எப்படிப் பராமரிக்க வேண்டும், எப்படிக் கூடாது, தன் சார்பில் யார். அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லாத காலத்துக்கு மட்டும் அது பேசும். ஆனால் அவசர சிகிச்சைக்கு அது பொருந்தாது என்று பிரிவு 9 விலக்கிவிட்டது. பிரிவு 94ன்படி உயிருக்கோ உடலுக்கோ பெரிய ஆபத்து இருந்தால் பதிவு பெற்ற எந்த மருத்துவரும் அதிகபட்சம் 72 மணி நேரம் அவசர சிகிச்சை தரலாம், பிரதிநிதி கிடைத்தால் அவர் சம்மதத்தோடு. அப்போதும் மின் அதிர்ச்சி சிகிச்சை கூடாது. சங்கிலியால் கட்டுவது எந்த நேரத்திலும், எந்த வடிவிலும் தடை, பிரிவு 95. ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கிடந்தவர்கள் தீயில் கருகிய நாட்டில் இதை ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்ல வேண்டும்.

அதனால் இரண்டு தாள் எழுதுங்கள். ஒன்று சட்டப்படியான அறிவுறுத்தல், மத்திய மனநல ஆணையம் வகுத்த முறையில். அது டாக்டரின் கைக்குப் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எழுதியவருக்கும் பிரதிநிதிக்கும் உண்டு, பெட்டிக்குள் பூட்டி வைத்தால் பயன் இல்லை. மற்றது ஒரே பக்கத்தில் நெருக்கடிக் குறிப்பு, அந்த ராத்திரிக்காக. சட்ட வலு இல்லாவிட்டாலும் ஆளைத் தெரியாத டாக்டருக்கு அதுதான் வழிகாட்டும்.

பிரதிநிதி நியமனம் இன்னும் சுலபம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ போதும், பிரதிநிதியும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். உறவினராக இருக்க வேண்டியதில்லை. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். யாரையும் நியமிக்காவிட்டால்தான் உறவினர், பராமரிப்பவர் என்று வரிசை வரும். வாரியத்தில் வாதாட இலவச சட்ட உதவி உண்டு, தொலைபேசி எண் 15100.

கோத்தகிரி_அக்கா

அந்த ஒரு பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்று நான் சொல்கிறேன். முற்றப்போகிறது என்பதற்கு முதல் 3 அறிகுறிகள், அவர் வாயால் சொன்னபடி (தூங்காமல் அடுப்படியைத் துடைப்பது, கோயில் மணி சத்தம் கேட்பது, எதுவோ அது). அப்போது யார் பேசினால் கேட்பார், யார் பக்கத்தில் வரக்கூடாது. ஒத்துக்கொள்ளாத மருந்து, ஒத்துக்கொண்ட மருந்து, அளவு. வண்டிக்காரர் 2 பேர் எண். 108, டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) 14416. ஆடு மாட்டையும் பிள்ளையையும் யார் பார்ப்பது. இது இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டார்கள். நல்லா இருக்கும் நாளில் அவரும் வீட்டாரும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும். வீட்டாருக்கு அதில் ஒரு வரி வேண்டும்: "இந்த நிலை வந்தால் நீங்கள் கூட்டிப்போகலாம்." அந்த வரி அவர் கையால் எழுதியது என்றால் கூட்டிப்போனவர் மேல் பின்னால் வன்மம் வராது.

கூடலூர்_ஒருங்கிணைப்பு

முதல் கூட்டத்துக்கு இரண்டே பொருள்: மழைக்கால இருப்பு மருந்து, அக்கா சொன்ன பக்கம். மூன்று பத்தி போட்ட நோட்டும் வைக்கிறோம். யார் என்ன சொன்னார், என்ன முடிவு, எந்தத் தேதிக்குள் யார் செய்வது.

இலைக்கூடை

நாலாவது பத்தி ஒன்று போடுங்கள்: முடியாது என்றால் ஏன் முடியாது. பதில் இல்லாமல் போன கோரிக்கைதான் ஆட்களைத் துரத்துகிறது. நோட்டைச் செவிலியர் அலமாரியில் வைக்காமல் அந்த 3 பேரில் ஒருவர் வைத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு கூட்டமும் போன மாதப் பக்கத்தைச் சத்தமாக வாசித்துத் தொடங்குங்கள். வாசிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லாவிட்டால் குரல்பதிவை ஓடவிடுங்கள். பெயரைப் போடாமல் எழுதுங்கள், அது பஸ்ஸில் போகும் நோட்டு.